மஞ்சள் துணி கட்டிய வான்கோழி

அத்தியாயம் 11

காமராஜ் வாயைத் திறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. பேசுவதற்கும் திறக்கவில்லை, சாப்பிடுவதற்கும் திறக்கவில்லை.

மூன்று பல் என்று சொல்லித்தான் அவரை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது இருந்த பதினொன்றும் போயிருந்தன. வாய் மரத்து, பஞ்சை அதக்கிக்கொண்டு அவர் நாற்காலியில் சாய்ந்திருந்த நேரத்தில், ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று வெளியே ஒரு படிவத்தில் கையெழுத்தாகிவிட்டது. போட்டது யார் என்று எழுதிக் கேட்டார். நான்தான் என்று மகன் பீமாராவ் ஒப்புக்கொண்டான். அன்றைக்கு மகன் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தியவர், மறுநாள் சோற்றையும் நிறுத்திவிட்டார். மோர், இளநீர். அதுவும் அரை டம்ளர்.

செஞ்சி - திண்டிவனம் தடத்தில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். பஸ் வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும் என்பார்கள். அந்த மனிதர் இப்போது வாயைத் துண்டால் சுற்றிக்கொண்டு கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியதை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, மருமகள் ஜெயஸ்ரீயிடம் நீட்டுவார்.

செவ்வாய்க்கிழமைக் காலையில் நீட்டிய தாளில் இப்படி இருந்தது: "அவனிடம் சொல். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். வண்டியில் ஏற்றினால் வழியில் இறங்கிவிடுவேன்."

"மாமா, அவரு இதோ எதுக்கத்தான் நிக்கிறாரு. நீங்களே குடுத்திடலாமே" என்றாள் ஜெயஸ்ரீ.

காமராஜ் தாளைத் திருப்பி, முன்பக்கத்தில் இருந்த ராசிபலனைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரிப் பேச்சு சும்மா வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் குழாயடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அறுபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. டாக்டர் போனிலேயே சத்தம் போட்டார். நாளை ராத்திரிக்குள் வயிறு நிறைய ஏதாவது சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் மறுநாள் காலையில் கூட்டிவந்து சேர்த்துவிடுங்கள் என்றார். ஆக, இருந்தது இந்த ஒரு நாள்.

சமையலறையில் மாமியார் மீனம்பாள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"கஞ்சி வெச்சேன். 'கஞ்சி சீக்காளிக்கு'ன்னு எழுதிக் குடுக்கிறாரு. ரவையக் கரைச்சேன். 'இது கொழந்தைக்கு'ன்னு எழுதினாரு. இட்லியக் கொழச்சிக் குடுத்தா, 'ஏற்கெனவே யாரோ மென்னது மாதிரி இருக்குது'ன்னு எழுதறாரு. இந்தாளுக்குப் பல்லுதான் போச்சி, கொழுப்பு போவலியே!"

"மெதுவாம்மா, நைனா காதுல விழும்" என்றான் பீமாராவ்.

"விழட்டும். காதையாவது விட்டு வெச்சாங்களே."

ஜெயஸ்ரீ இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான். ஆனால் இந்த ஆறு நாளில் எட்டு வருஷத்துக்கான தூது போய்விட்டாள். அவரிடம் சொல், அவனிடம் சொல், அவளைக் கேள். நேற்று ராத்திரி படுத்தபடி யோசித்தபோதுதான் அவளுக்கு அந்த நினைவு வந்தது. சென்னையில் விடுதியில் இருந்தபோது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, வாய் வீங்கிக் கிடந்த நாளில், அறைத்தோழி ஒரு கிண்ணம் பாஸ்தாவும் கறி உருண்டையும் செய்து கொண்டுவந்தாள். மெல்லாமலே உள்ளே போனது. முதல் வாய் இறங்கியதும் அழுகை வந்தது. வலியால் இல்லை.

"அத்த, மாமாவுக்கு வான்கோழின்னா உசுருதானே?"

"எலும்பக் கடிச்சித் துப்பினாத்தான் அந்தாளுக்குக் கறி. இப்ப இன்னாத்தக் கடிப்பாரு?"

"கடிக்க வேணாம். கறிய நல்லா கொத்தி, பால்ல ஊறின பன்னப் பிசைஞ்சி சேத்து உருண்டை புடிக்கணும். தக்காளிச் சாறுல போட்டு எடுத்தா நாக்கால அமுக்கினாலே ஒடையும். கூட பாஸ்தா. அதையும் கொழைய வேக வெச்சிடலாம்."

"பாஸ்தான்னா?"

"சேமியா மாதிரி. கொஞ்சம் தடியா இருக்கும்."

"அதுக்குச் சேமியாவே போட்டுட்டுப் போலாமே."

ஜெயஸ்ரீ பீமாராவைப் பார்த்தாள். "ஏங்க, நம்ம வான்கோழிய வேலைக்குப் போறப்பவே தங்கராசு கடையில குடுத்து வெட்டி வாங்கி வந்து வெச்சிடுங்க. எலும்பில்லாம. மறக்காதீங்க, எலும்பில்லாம."

"சரி சரி."

"மஞ்சத் துணி கட்டினது" என்றாள் மீனம்பாள். "மோட்டார் கொட்டாயண்ட மேயும். பாத்துப் புடி."

அந்தத் தெருவில் கோழியும் வான்கோழியும் ஒன்றாகத்தான் மேயும். எது யாருடையது என்பதற்குக் காலில் கட்டிய துணிதான் அடையாளம். பீமாராவ் கோணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கூடத்தைக் கடக்கும்போது அவன் தலை தானாகக் குனிந்தது. காமராஜ் ராசிபலனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

*

ஜெயஸ்ரீ வேலை பார்த்த இ-சேவை மையத்தில் அன்றைக்கு எதுவும் ஓடவில்லை. ஒரு பெரியவரின் விரல் ரேகையை மெஷின் ஒன்பது தடவை ஏற்க மறுத்தது. பத்தாவது தடவை ஏற்றது, உடனே சர்வர் போனது. "நாளைக்கு வரட்டா பாப்பா?" என்று அவர் கேட்டபோது அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார் என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

ஐந்து மணிக்குப் பஸ் நிலையத்துக்கு எதிரே அரங்கநாதன் மளிகைக் கடையில் நின்றாள்.

"பாஸ்தா இருக்குதுமா. மசாலா போட்டது. அஞ்சு நிமிசத்துல ரெடி."

"மசாலா இல்லாததுண்ணா. காரம் சேக்கக் கூடாது, வாயில புண்ணு."

"மசாலாவத் தனியா எடுத்துப் போட்டுடேன்."

"அது மாவுலயே கலந்திருக்குதே."

"அப்ப கழுவிடு."

அவள் அவரையே பார்த்தாள். அரங்கநாதன் பெருமூச்சு விட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டின் கடைசியிலிருந்து தூசி படிந்த மக்ரோனிப் பாக்கெட் ஒன்றை இறக்கினார். அவள் நினைத்திருந்தது நீளமான பாஸ்தா. இது வளைந்த குட்டிக் குழாய். தேதியைப் பார்த்தாள். இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வாங்கிக்கொண்டாள். பக்கத்து டீக்கடையில் நான்கு பன் கிடைத்தது.

திருவண்ணாமலை சாலையில் வண்டிகள் நகரவில்லை. இப்போதெல்லாம் வார நாளிலும் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டம். குறுக்கே திரும்பிய டூரிஸ்ட் வேன் ஒன்று முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றது. அதற்குள்ளிருந்து ஒருவர் மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஜெயஸ்ரீ ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி இருபது நிமிஷம் அந்த வேனின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தால் கரண்ட் இல்லை.

"பராமரிப்புன்னு காத்தாலயே நிறுத்தினான். அஞ்சு மணிக்கு வுடறேன்னான். மணி ஆறாவப் போவுது" என்றாள் மீனம்பாள்.

மிக்ஸி இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்த கறியை எடுத்தாள். தங்கராசு அதைக் குழம்புக்கு வெட்டுவது போலத் துண்டு துண்டாக வெட்டியிருந்தார். ஒவ்வொரு துண்டிலும் எலும்பு.

ஷோரூமில் வேலையில் இருந்த கணவனுக்குப் போன் போட்டாள். "எலும்பில்லாமன்னு சொன்னேனே."

"சொன்ன. நான் சொல்றதுக்குள்ள ஷோரூம்லேருந்து போன் வந்துடுச்சி. பேசிட்டுத் திரும்பினா வெட்டி முடிச்சிட்டான்" என்றான் பீமாராவ்.

"நல்லாயிருக்குது."

"ஜெயா, சாப்டுவாரா?"

அந்தக் கேள்வியில் இருந்த குரலைக் கேட்டதும் அவளால் திட்ட முடியவில்லை. அதுவும் ஒரு எரிச்சலாக இருந்தது.

*

வீட்டுக்குப் பின்னால் வெளிச்சம் மிச்சம் இருந்தது. குழாயடியில் பலகை போட்டு உட்கார்ந்து எலும்பிலிருந்து கறியைப் பிரித்தாள் ஜெயஸ்ரீ. வான்கோழிக் கறி நாட்டுக்கோழியைவிட முரடு. கத்தி வழுக்கியது. பிரித்ததைக் கொத்த ஆரம்பித்தாள். நூறு வெட்டு வெட்டினாலும் அது கறியாகவே இருந்தது. பெருவிரலின் அடியில் தோல் வழன்றது.

எதிரில் மீனம்பாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பூண்டையே மறுபடி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஜெயா."

"ம்."

"பீமா அந்தக் கையெழுத்தப் போடலை."

கத்தி நின்றது.

"அவன் மாத்திர வாங்கப் போயிருந்தான். டாக்டரம்மா வெளிய வந்து, எல்லாப் பல்லும் ஆடுது, சீழு புடிச்சிருக்குது, மூணு எடுத்துட்டு வுட்டா திருப்பித் திருப்பி வரணும்னாங்க. ரெண்டு வருசமா ராத்திரியில அந்தாளு மொனகறதக் கேட்டுக்கினு படுத்திருந்தவ நானு. அது ஒரே நாளோட போவட்டும்னு போட்டுட்டேன். உள்ளாற போயி ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல."

"அப்புறம் ஏன் இவரு...?"

"வெளிய வந்ததும் உங்க மாமா, 'யார் கையெழுத்து போட்டது'ன்னு எழுதிக் காட்டினாரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சி. பீமா என் மூஞ்சப் பாத்தான். 'நான்தான் நைனா'ன்னுட்டான்."

"ஆறு நாளா அவரு அப்பா மூஞ்சப் பாக்க முடியாமத் திரியறாரு அத்த."

"தெரியுது. நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

ஜெயஸ்ரீ மறுபடி கொத்தினாள். இப்போது வெட்டு வேகமாக விழுந்தது. ஒருவர் சாப்பிடமாட்டார், ஒருவர் சொல்லமாட்டார், ஒருவர் சொல்லாதே என்பார். நடுவில் உட்கார்ந்து கறி கொத்துவதற்குத் தான் ஒருத்தி.

ஆறரைக்குக் கரண்ட் வந்தது. கொத்திய கறியை மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விட்டு விட்டு அடித்தாள். இரண்டு தடவை பிளேடைச் சுற்றிக்கொண்டு மிக்ஸி முனகியது. நிறுத்தி, விரலால் விடுவித்து, மறுபடி. ஒருவழியாகப் பசை போல வந்தது. பாலில் ஊறிய பன்னைப் பிசைந்து சேர்த்தாள். பன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெந்தாலும் உருண்டை இறுகாது. சீரகத்தூள், நசுக்கிய பூண்டு, உப்பு. மிளகாய் இல்லை, மிளகும் இல்லை. தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, விதையை வடிகட்டினாள். பல் பிடுங்கிய குழியில் ஒரு விதை போய் உட்கார்ந்தால் போதும், மறுபடி ஆறு நாள்.

உருண்டை பிடிக்கும் முன் கூடத்துக்குப் போய் மாமனார் விரலைக் குத்திப் பார்த்தாள். அறுபத்தொன்பது. அவர் தாளில் எழுதினார்: "என்ன வாசனை?"

"வெந்ததும் தெரியும் மாமா."

திரும்பி வந்தால் சமையலறையில் எண்ணெய் சடசடத்தது. மீனம்பாள் வாணலியில் எட்டு உருண்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கறுஞ்சிவப்பாக, மொறுமொறுவென்று இருந்தன. பக்கத்தில் பொட்டுக்கடலை மாவு டப்பா திறந்து கிடந்தது.

"அத்த! இன்னா பண்றீங்க?"

"உனுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான். உருண்ட பொதபொதன்னு இருந்திச்சி, மாவு போட்டு இறுக்கினேன். பாரு, கோலா உருண்டை எப்பிடி வந்திருக்குது, கல்லு மாதிரி!"

"கல்லு மாதிரி வரக்கூடாதுன்னுதானே அத்த காலையிலேருந்து..."

மேலே பேசினால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. அடுப்பை அணைத்தாள். பின்வாசலுக்குப் போய்க் குழாயைத் திறந்து முழங்கை வரை கழுவினாள். தண்ணீர் ஓடட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள். பிறகு திரும்பி வந்து மிச்சமிருந்த கறியைப் பார்த்தாள். நல்லவேளை, மாவு இதில் விழவில்லை.

எண்ணெய் வேண்டாம், கொதிக்கும் சாற்றிலும் நேராகப் போடவேண்டாம். இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள். தட்டில் எண்ணெய் தடவி, குழிக்கு ஒன்றாகப் பதினாறு உருண்டை வைத்து மூடினாள்.

"ஆவியில கறியா?" என்றாள் மீனம்பாள் மெதுவாக.

"ஆமா."

"நான் ஒண்ணும் சொல்லலைமா."

பத்து நிமிஷத்தில் மூடியைத் திறந்தாள். வெளுத்து, உப்பி, மிருதுவாக இருந்தன. ஒன்றை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அமுக்கினாள். உடைந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் தோள்கள் இறங்கின. வெண்ணெயில் பூண்டு வதக்கி, தக்காளிச் சாற்றை ஊற்றிக் கெட்டியாக்கி, உருண்டைகளை அதில் நழுவவிட்டாள். மக்ரோனி இன்னொரு அடுப்பில் குழைந்துகொண்டிருந்தது.

*

மணி ஏழரை. பீமாராவ் வந்து வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தான். கோழிக் கொட்டாயை மூடப் போன மீனம்பாள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஜெயா. நம்ம வான்கோழி வந்து நிக்குது."

"எந்த வான்கோழி?"

"நம்மளுதுதான். எடது கால்ல வெரலு கோணையா இருக்குமே. கொட்டாயில ஏறி ஒக்காந்துக்கினு என்னையே பாக்குது."

இரண்டு பேரும் அடுப்பின் மேலிருந்த சட்டியைப் பார்த்தார்கள்.

"அப்ப இது?"

மீனம்பாள் தலையில் கை வைத்தாள். "பொங்கலுக்கு ரேஷன்ல சேலை குடுத்தான் பாரு. தெருவுக்கே ஒரே மஞ்சள், ஒரே பச்சக் கரை. எந்தப் பொம்பள அதக் கட்டினா? நான் கிழிச்சி வான்கோழி கால்ல கட்டினேன். மூணாவது வூட்டுப் பெரியதம்பி பொண்டாட்டியும் கிழிச்சிருக்கா."

பீமாராவ் எழுந்து உள்ளே வந்தான். "மஞ்சத் துணின்னுதானே சொன்னீங்க? மஞ்சத் துணிதாம்மா இருந்திச்சி."

"காலப் பாக்க மாட்டியாடா?"

"துணிதானே அடையாளம்? அதுக்குத்தானே கட்டறது?"

வாசலில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. மூன்றாவது வீட்டுக் கொத்தனார் மேஸ்திரி பெரியதம்பி.

"இன்னா தங்கச்சி, எங்க வான்கோழி இந்தப் பக்கம் வந்திச்சா? மஞ்சத் துணி கட்டினது. பொழுது சாஞ்சா வந்துடும், இன்னிக்கிக் காணோம்."

"இல்லியேண்ணா" என்றாள் மீனம்பாள். குரல் ஒரு படி உயர்ந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம மாப்பிள்ளைக்குக் கறி விருந்து. கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து அதுக்குன்னே தீனி போட்டு வளத்தது. எங்க போய்த் தொலைஞ்சிதோ." மூக்கை உறிஞ்சினார். "கறியா?"

"பிராய்லர் கோழிண்ணா. இவருக்கு ஒடம்பு சரியில்லைன்னு கொஞ்சமா எடுத்தோம்."

"ஆமாமா, கண்டக்டருக்கு மொத்தமாப் புடுங்கிட்டாங்களாமே. சரி, நான் மில்லு பக்கம் பாக்கறேன்."

அவர் திரும்பினார். ஜெயஸ்ரீ மூச்சை விட்டாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் விட்டாள்.

"பெரியதம்பி."

குரல் கூடத்திலிருந்து வந்தது. காமராஜ் துண்டைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். கன்னம் உள்ளே ஒடுங்கி, உதடு சுருங்கி, வேறு யாரோ போல இருந்தார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு திரைச்சீலைதான். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"மில்லாண்ட போவாத. ஒன் வான்கோழி எங்க வூட்டு அடுப்புல இருக்குது."

சொற்களின் ஓரத்தில் காற்று போயிற்று. ஆனால் அது அவருடைய குரல்தான். முப்பத்தொரு வருஷத்தில் டிக்கெட் வாங்காத ஒருவனையும் விட்டுவைக்காதவரின் குரல்.

"இன்னாயா சொல்ற?"

"ரெண்டுத்துக்கும் ஒரே துணி. என் புள்ள தெரியாமப் புடிச்சிட்டான். எங்களுது கொட்டாயில இருக்குது. எடுத்துக்கினு போ." இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் வாயோரம் எச்சில் வழிந்தது. துடைத்தார். துண்டை மறுபடி கட்டவில்லை.

பெரியதம்பி அந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மீனம்பாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எங்களுது ஒரு கிலோ கூட இருக்குமேயா!"

"அப்ப ஒக்காரு. கொறையிற கிலோவத் தின்னுட்டுப் போ."

பெரியதம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "வாயில ஒண்ணுமில்லாம இருக்கறப்பவே இந்தப் பேச்சு. பல்லு வேற கட்டிட்டா எங்க கெதி?" என்றவர், ஜெயஸ்ரீ கிண்ணத்தில் கொடுத்த உருண்டையை நின்றபடியே வாயில் போட்டார். முகம் மாறியது. "காரமே இல்லியேமா. என் வான்கோழியப் போய் இப்பிடிப் பண்ணிட்டீங்களே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பீமாராவ் கொட்டாயிலிருந்து பிடித்துக் கொடுத்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று முணுமுணுத்தபடி போனார்.

*

"தட்டக் கொண்டா" என்றார் காமராஜ்.

ஜெயஸ்ரீ ஓடினாள் என்றே சொல்லவேண்டும். ஐந்து உருண்டை, நிறைய மக்ரோனி, மேலே தக்காளிச் சாறு. முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு வைத்தாள்.

அவர் ஒரு மக்ரோனியை விரலால் தூக்கிப் பார்த்தார். "இன்னா இது, சைக்கிள் டியூப வெட்டிப் போட்டாப்பல."

"வாயில போட்டுப் பாருங்க மாமா."

போட்டார். ஈறும் ஈறும் சேர்ந்து அசைந்தன. கண்ணை மூடினார். வலிக்கும் என்று காத்திருந்தவர் போலத் தெரிந்தது. வலிக்கவில்லை. கண்ணைத் திறந்து உருண்டையைப் பாதியாகப் பிட்டார். அது சத்தமில்லாமல் பிளந்தது.

"உப்பு கம்மி."

"போடறேன் மாமா."

முதல் உருண்டை போயிற்று. இரண்டாவது போயிற்று. மீனம்பாள் சட்டியும் கரண்டியுமாகப் பக்கத்தில் நின்றாள். பீமாராவ் கதவோரமாக நின்றான், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல். ஜெயஸ்ரீ தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று உருண்டையும் பாதி மக்ரோனியும் இன்னும் இருந்தன.

"பீமா."

ஆறு நாளுக்குப் பிறகு வந்த பெயர். பீமாராவ் நிமிர்ந்தான்.

"கோழியத் தெரியாமப் புடிச்ச. அது சரி. கையெழுத்தத் தெரிஞ்சிதானடா போட்ட? உள்ள வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். வாய் மரத்திருந்தாலும் தலைய ஆட்டத் தெரியாதா எனக்கு? நாலாவது பல்ல அந்தம்மா புடிச்சப்ப, நாற்காலியப் புடிச்சிக்கினு கதவையே பாத்துக்கினு இருந்தேன். நீ வருவன்னு."

"தப்புதான் நைனா."

ஜெயஸ்ரீக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றிய ஒரு பொய்யை ஒரு நிமிஷம் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தவர் இவர். இந்தப் பொய்க்கு ஆறு நாள் வயது. இப்போது தெரிந்தால் தட்டு பாதியில் நிற்கும், காலையில் விழுப்புரம். தெரியாவிட்டால் மகன் ஆயுசுக்கும் குனிந்தே நடப்பான். பீமாராவின் பிடரியைப் பார்த்தாள். பிறகு மாமியாரை.

மீனம்பாள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"அவன் போடலை. அவன் அங்க இல்லவே இல்ல. நான்தான் போட்டேன்."

காமராஜின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. விரல்களிலிருந்து சாறு தட்டில் சொட்டியது. பீமாராவ், "அம்மா" என்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

காமராஜ் மனைவியைப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார். மீனம்பாள் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

கை இறங்கித் தட்டின் விளிம்பைப் பிடித்தது. தள்ளிவிடுவார் என்று நினைத்தாள் ஜெயஸ்ரீ. காலையிலிருந்து அவள் பட்ட பாடெல்லாம் அந்த விளிம்பில் நின்றது.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் நாலு வை" என்றார் மீனம்பாளிடம். "சாப்ட்டு முடிச்சிட்டுத்தான் பேசுவேன். அதுவரைக்கும் ஒருத்தரும் எழுந்து போவக்கூடாது."

மீனம்பாள் நான்கு உருண்டை வைத்தாள். ஒன்று நழுவி ஸ்டூலில் உருண்டது. அவரே எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். பீமாராவும் ஜெயஸ்ரீயும் தரையில் உட்கார்ந்தார்கள். மீனம்பாள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

காமராஜ் அவசரப்படவில்லை. பல் இல்லாத ஒரு மனிதர் இவ்வளவையும் சாப்பிட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.